கொள்ளிடத்தில் அறுத்த அரைஞாண் கயிறு

மேட்டூர் அணை கட்டி முடியாத காலம். ஆனி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தில் நடந்தது இது. கொள்ளிடம் ஓடுகிறது என்று பேச்சுக்குச் சொல்வோமே தவிர, அந்த மாதத்தில் அங்கே ஓடுவது வெயில் ஒன்றுதான். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மணல். நடுவே அங்கங்கே பள்ளங்களில், போன வெள்ளத்துத் தண்ணீர் மடுவாக நிற்கும். ஆறு வற்ற வற்ற, மீனெல்லாம் அந்த மடுக்களில் வந்து அடையும். என்னைப் போலத் தூண்டில் பித்துப் பிடித்தவனுக்கு வருஷத்தில் அதைவிட நல்ல சமயம் கிடையாது.

அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் அச்சுக்கூடத்தில் புஸ்தகம் பைண்டு செய்கிற வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வீடு ஸ்ரீரங்கத்தின் மேற்கு ஓரத்தில், மேலூர் போகிற வழியில். காலையில் குளித்து நெற்றிக்கு இட்டு, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடாமல் நான் வேலைக்குப் புறப்பட்டதில்லை. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, அப்புறம் அமாவாசை, ஏகாதசி, கார்த்திகை என்று கழித்துக்கொண்டே வந்தால், எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறக்கூடிய நாள் மிகக் குறைவு. அதில் எனக்கு லீவு நாள் ஞாயிறு மட்டும். பிடித்த மீனை வாழைமட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கோயில் மதில் கண்ணில் படுகிற இடத்தில் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வருவேன். பெருமாளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் ஒரு மரியாதை.

உண்மையைச் சொன்னால், எனக்குத் தின்கிற ஆசை பெரிதில்லை. தண்ணீர் மேல் தக்கை ஆடாமல் நிற்பதையும், சட்டென்று அது உள்ளே போவதையும் பார்ப்பதில்தான் எனக்கு ஒரு வெறி. வாரம் முழுவதும் பசையும் நூலுமாகக் குனிந்து கிடக்கிற முதுகு, ஞாயிற்றுக்கிழமை ஆற்றைப் பார்த்ததும் தானே நிமிரும்.

குழந்தை பிறந்தால் இந்தப் பித்து போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். போகவில்லை. எங்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. ஒன்று பதினோராம் நாள், ஒன்று ஏழு மாதம். மூன்றாவது பிள்ளைக்கு என் மனைவி சமயபுரத்தம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பையன் பிறந்து, ஒரு வயது முடிந்த அன்று கொள்ளிடத்தைத் தாண்டி நடந்தே போய், அம்மன் சந்நிதியில் வைத்து வாங்கி, மூன்று புரியாகத் திரித்த கருப்பு அரைஞாண் கயிற்றை, பிறந்தபோது கட்டியதற்குப் பதிலாக அவன் இடுப்பில் கட்டினோம். அன்று முதல் அவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அந்தக் கயிற்றைத்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரைஞாண் பழசாகிவிட்டால், புதுக் கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதைக் கழற்றுவோம். ஆண்பிள்ளையின் இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது. அரைஞாணை அறுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான், பிணத்தைக் குளிப்பாட்டும்போது. எங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் அப்படி அறுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

அந்த வருஷம் வைகாசியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பையனுக்கு அப்போது இரண்டரை வயது. தங்கச்சி மேல் அவனுக்கு ஒரே கோபம். தொட்டிலைப் போய் ஆட்டுவான்; அதுவும் தூங்க வைப்பதற்காக அல்ல. பச்சை உடம்புக்காரியான என் மனைவியால் இரண்டு பேரையும் சமாளிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் தூண்டிலை எடுத்ததும் பையனைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள்.

“ஆத்துக்குப் போகணும்னா இவனையும் கூட்டிட்டுப் போங்க. இல்லன்னா தூண்டிலை எங்கிட்ட குடுங்க, நான் போறேன். நீங்க தொட்டிலை ஆட்டுங்க.”

அப்படி ஆரம்பித்ததுதான். இரண்டு வாரம் கயிறு ஒன்றை அவன் அரைஞாணில் கட்டி, மறுமுனையை என் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தக்கை முங்குகிற சமயம் பார்த்துக் காலை இழுப்பான். மூன்றாவது வாரம் கயிற்றை ஒரு மரத்தில் கட்டினேன். அவன் அதைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டு மடு ஓரம்வரை வந்துவிட்டான். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. மறுநாள் பெரிய கடைவீதியில் ஓர் இரும்புக் கடையில் ஆறு முழ நீளத்துக்குச் சன்னமான சங்கிலி ஒன்று வாங்கினேன். நாய்க்குட்டி கட்டுகிற சங்கிலி. முனையில் ஒரு கொக்கி. சங்கிலி விறைப்பாக இருந்தால் அந்தக் கொக்கி கழலவே கழலாது. தளர்ந்திருந்தால்தான் அழுத்திக் கழற்ற முடியும். பையன் எவ்வளவு இழுத்தாலும் வராது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். கடைக்காரரிடம் நாலு தரம் இழுத்துப் பார்த்து வாங்கினேன்.

என் மனைவி அதைக் கண்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். “பெத்த புள்ளைக்கு நாய்ச் சங்கிலியா?”

“கயித்தைக் கடிச்சிடறான். இரும்பைக் கடிப்பானா? ஆத்துல ஓடிப்போனா என்ன பண்றது, சொல்லு.”

அச்சுக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் வழியில் எங்களைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை முழுக்க என்னை விடவில்லை. “என்ன அண்ணே, குட்டிக்கரணம் எல்லாம் கத்துக் குடுத்தாச்சா? அடுத்த வாரம் மலைக்கோட்டை வாசல்ல வித்தை உண்டா?” நானும் சிரித்தேன். குழந்தை பத்திரமாக இருக்கிறான், தூண்டிலும் கையை விட்டுப் போகவில்லை, வேறென்ன வேண்டும்? இரண்டையும் சேர்த்துக் கட்டத் தெரிந்த கெட்டிக்காரன் என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது.

அந்த ஞாயிறு அன்று நான் போன மடு, தென்கரையிலிருந்து நல்ல தூரம் உள்ளே இருந்தது. அதற்கு முப்பது நாற்பது அடி தள்ளி, ஏதோ ஒரு வெள்ளத்தில் உருண்டு வந்த பெரிய மரம் ஒன்று வேரோடு மணலில் புதைந்து கிடந்தது. தண்ணீர் சுழன்று ஓடியதால் அந்த வேரைச் சுற்றி இடுப்பளவு பள்ளம். அடியில் மணல் ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும். வேர் நிழலும் உண்டு. போதாததற்கு நான் என் குடையையும் விரித்து மணலில் நட்டுவைத்தேன். சங்கிலியை வேரில் சுற்றி மாட்டி, கொக்கியை அவன் முதுகுப்பக்கம் அரைஞாணில் போட்டு, விளையாட ஒரு கொட்டாங்குச்சியும் கொடுத்துவிட்டு மடுவுக்கு வந்தேன்.

ஆற்று மணலில் கோடைகாலத்தில் வெள்ளரி பயிரிடுவார்கள். மரத்துக்கும் கரைக்கும் நடுவே அப்படி ஒரு வெள்ளரிப் பாத்தி இருந்தது. அதில் ஒரு பெண்பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும், கொடியைப் புரட்டிப் புரட்டிக் கடைசிக் காய்களைப் பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஓர் அரிவாள். நான் போகும்போதே கூப்பிட்டுச் சொன்னாள்.

“அண்ணே, நேத்து மேலூர்ல தண்டோராப் போட்டாங்க, கேக்கலையா? முக்கொம்பு அணையில தண்ணி தள்ளுறாங்களாம். உச்சிக்கு முந்தி கரை ஏறிடுங்க. புள்ளைய வேற கொண்டாந்திருக்கீங்க.”

“உச்சிக்குத்தானம்மா? அதுக்குள்ள கிளம்பிடுவேன்.”

“தண்ணி என்ன, கெடியாரம் பாத்தா வரும்?” என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

நான் அதைக் காதில் போட்டுக்கொண்டேன், மனசில் போட்டுக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் புதுத் தண்ணீர் வருவதைப் பார்த்தவன் நான். மணல் முதலில் குடிக்கும், ஊர்ந்து ஊர்ந்துதான் வரும், சத்தம் கேட்டு நடந்தே கரை ஏறிவிடலாம் என்று எனக்குக் கணக்கு. வெயில் ஏறியது. இரண்டு கெண்டை கிடைத்தது. போகலாம், இன்னும் ஒன்று, போகலாம், இன்னும் ஒன்று என்று உட்கார்ந்திருந்தேன். பத்து மணி இருக்கலாம். தக்கை ஆடவே இல்லை. அப்படியே காணாமல் போயிற்று. மூங்கில் கழி வில்லாக வளைந்தது. வாளை மீன். தண்ணீருக்குமேல் ஒருமுறை முதுகைக் காட்டிற்று. என் கை நீளத்துக்குக் குறையாது. என் ஆயுசில் அப்படி ஒன்று என் தூண்டிலில் மாட்டியதில்லை.

அதை இழுத்துப் பிடிக்கவும் விட்டுக்கொடுக்கவுமாக எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. அந்த நேரமெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் பையன் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கலகலவென்று, கையைத் தட்டிச் சிரிப்பு. பிள்ளை சந்தோஷமாக விளையாடுகிறான், இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்தேன். அவன் அழுதிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன். சிரித்ததால் திரும்பவில்லை.

வெள்ளரிக்காரி கத்துகிற சத்தம் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. திரும்பினேன்.

முதலில் கண்ணில் பட்டது குடை. என் கருப்புக் குடை, கவிழ்ந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டு, மணல்மேல் தானாகப் போய்க்கொண்டிருந்தது. குடை எப்படி நடக்கும்? ஒரு கணம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் மணலையே காணோம் என்பது தெரிந்தது. நுரையும் சருகும் வைக்கோலுமாகச் செம்மண் தண்ணீர் எனக்கும் கரைக்கும் நடுவே பரந்துவிட்டது. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தால்தானே வருவது தெரியும்? அது தாழ்ந்த பக்கமாக, என் பின்னால் வந்திருக்கிறது. வந்த தண்ணீர் முதலில் இறங்கியது அந்த வேர்ப் பள்ளத்தில்.

கழியை எங்கே போட்டேன் என்று தெரியாது. கணுக்கால் தண்ணீரில் விழுந்து எழுந்து ஓடினேன். பையன் பள்ளத்துச் சரிவில் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் நுரையை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் அழ ஆரம்பித்தான்.

பள்ளத்தில் குதித்து அவனைத் தூக்கினேன். பாதி தூக்கியதும் ஏதோ வெடுக்கென்று அவனை என் கையிலிருந்து கீழே இழுத்தது. சங்கிலி. கன்றுக்குட்டி மாதிரி வேரைச் சுற்றிச் சுற்றி விளையாடியிருக்கிறான். ஆறு முழச் சங்கிலியும் வேரில் சுற்றிக்கொண்டு, இரண்டு முழம்கூட மிச்சமில்லை. தண்ணீர் என் இடுப்புக்குமேல் வந்துவிட்டது. அவனை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கினேன். வாயும் மூக்கும் மட்டும்தான் வெளியே நின்றன. நீர் இழுத்த இழுப்பில் சங்கிலி தந்தி மாதிரி விறைத்து நின்றது. ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக் கொக்கியைப் பிடித்தேன். அழுத்தினேன். அசையவில்லை. விறைப்பாக இருந்தால் கழலாது. நானே நாலு தரம் இழுத்துப் பார்த்து வாங்கியது.

அதைக் கழற்ற வேண்டுமானால் சங்கிலி தளர வேண்டும். சங்கிலி தளர வேண்டுமானால் குழந்தையைத் தண்ணீருக்குள் அமுக்க வேண்டும்.

அமுக்கினேன். பெற்ற பிள்ளையின் தலையை என் கையாலேயே தண்ணீருக்குள் அழுத்தினேன். அவன் கால்கள் என் வயிற்றில் உதைத்தன. கலங்கல் தண்ணீரில் கொக்கி கைக்கு அகப்படவில்லை. விரல் வழுக்கிற்று. மேலே தூக்கினேன்; கண் செருகி, மூக்கால் தண்ணீர் வழிய, ஒரு மூச்சு இழுத்தான். என்னைப் பார்த்தான். இன்னொரு தரம் அமுக்க என் கை வரவில்லை. கயிற்றை இடுப்பிலிருந்து கீழே உருவிப் பார்த்தேன். ஈரத்தில் ஊறி, சதையைக் கவ்விக்கொண்டு இறங்க மறுத்தது. வேரில் சுற்றிய சங்கிலியைப் பிரிக்கலாமென்றால், அவனை விட்டுவிட்டு நான் முங்க வேண்டும். “அம்மா, தாயே, சமயபுரத்தம்மா” என்று கத்திக்கொண்டே நின்றேன். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போது வந்து விழுந்தாள் அந்த வெள்ளரிக்காரி. கூடையைப் போட்டுவிட்டு, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, தொடையளவு தண்ணீரில் அடித்துப் பிடித்து வந்திருக்கிறாள். பள்ளத்தில் இறங்கியதும் அவளுக்குக் கழுத்தளவு தண்ணீர். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, ஒரே நொடியில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். அரிவாளை என் கையில் திணித்தாள்.

“அரைஞாணை அறுங்க, அண்ணே! ம், அறுங்க!”

அரிவாளை வாங்கினேன். அவள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். என் இடது கையில் அந்தக் கருப்புக் கயிறு இருந்தது. அம்மன் சந்நிதியில் வாங்கிய கயிறு. உயிரோடு இருக்கிற பிள்ளையின் அரைஞாணில் அரிவாளை வைப்பதா? என் கண்முன்னால் அந்த இரண்டு சின்ன உடம்புகளும், பலகையும், தண்ணீர்க் குடமும் வந்து நின்றன. என்ன செய்தேன் தெரியுமா? வாயைத் திறந்து பேசினேன். அந்த வெள்ளத்தில், கழுத்தளவில் நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்:

“அரைஞாணை அறுக்கக் கூடாதும்மா. சாமி கயிறு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“யோவ், நீ மனுசனாய்யா!” என்று அலறினாள். அரிவாளை என் கையிலிருந்து பிடுங்கினாள். பையனை என் மார்பில் தள்ளினாள். கை தண்ணீருக்குள் போனது, ஒரு இழுப்பு. அவ்வளவுதான். நான் இழுத்துக்கொண்டிருந்த வேகத்தில் பிள்ளையோடு மல்லாந்து விழுந்தேன். எழுந்தபோது அவன் என் தோள்மேல் இருந்தான். இடுப்பில் ஒன்றும் இல்லை. அரிவாள் நுனி பட்டு ஒரு விரல்நீளத்துக்கு ரத்தக் கோடு மட்டும் இருந்தது.

ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு கரை ஏறினோம். கரையை ஒட்டிக் கடைசியாக இருந்த தாழ்வான வாய்க்காலில் எனக்கு நெஞ்சளவு தண்ணீர். இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் அதைத் தாண்டியிருக்க முடியாது. கரையில் பையனைக் குப்புறப் போட்டு அவள் முதுகைத் தட்டினாள். தண்ணீராகக் கக்கினான். இருமினான். பிறகு வீரிட்டு அழுதான். நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. பல் தந்தியடித்தது, அந்த வெயிலில்.

அழுது ஓய்ந்ததும் அவன் ஆற்றைப் பார்த்தான். “அப்பா, மீனு எங்க?” என்றான்.

“ம், உங்கப்பனைத் தேடிக்கிட்டுப் போயிருக்கு” என்றாள் அவள். எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கவும் முடியவில்லை.

என் கண் அவன் இடுப்பிலேயே இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். அவள் தன் பழம்புடவையின் கரையைப் பல்லால் கடித்து ஒரு நீளத்துக்குக் கிழித்தாள். தொடைமேல் வைத்துக் கயிறாக உருட்டினாள். பையனைக் கிட்டே இழுத்து அவன் இடுப்பில் கட்டி, முடிச்சைப் போட்டாள்.

“இந்தாங்க. கயிறு கட்டியாச்சு. இனிமேலாச்சும் புள்ளையப் பாருங்க.”

அவ்வளவு சொல்லிவிட்டு எழுந்து, வெள்ளரிப் பாத்தி இருந்த பக்கம் பார்த்தாள். அங்கே கொடியும் இல்லை, கூடையும் இல்லை. புடவையைப் பிழிந்துகொண்டு கரையோடு நடந்து போய்விட்டாள். அவள் ஊர் எது என்றுகூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பையனின் இடுப்பைத்தான் முதலில் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் வந்தது, சங்கிலி சிக்கியது, ஒரு புண்ணியவதி ஓடிவந்து அரைஞாணை அறுத்துக் காப்பாற்றினாள் என்று சொன்னேன். நடுவில் நான் பேசிய ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவள் பையனை மடியில் போட்டுக்கொண்டு, அந்தப் புடவைக் கிழிசலைத் தடவியபடியே அழுதாள். பொழுது சாயும்வரை பால் கேட்டு அழுத சின்னதைக்கூட நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவளே புறப்பட்டாள். ஒரு புதுப்புடவை, வெற்றிலை பாக்கு, பழம், பூ. விசாரித்து விசாரித்து, மேலூருக்கு அப்பால் கரையோரம் ஒரு குடிசையில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தோம். என் மனைவி அவள் காலில் விழப் போனாள். அவள் பதறிப்போய்த் தூக்கிவிட்டாள். புடவையை வாங்க மாட்டேன் என்று நெடுநேரம் மல்லுக்கு நின்று, கடைசியில் வாங்கிக்கொண்டாள். பையனை மடியில் வைத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“உங்க வீட்டுக்காரரு இருக்காரே, நல்லா இருப்பாரும்மா! புள்ளைக்கு மூக்கு வரைக்கும் தண்ணி. அரிவாளைக் கையில குடுத்தா, அரைஞாணை அறுக்கக் கூடாது, சாமி கயிறுங்கறாரு. நான் மட்டும் புடுங்கி அறுக்கல…”

சொல்லிக்கொண்டே வந்தவள் என் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியில் என் மனைவி கைக்குழந்தையோடு முன்னால் நடந்தாள். நான் பையனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். கொள்ளிடம் கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

“அவ புடுங்கலைன்னா அறுத்திருப்பீங்களா?”

“அறுத்திருப்பேன்” என்றேன்.

“எப்போ?”

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. சின்னதை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவள் மறுபடி என்னிடம் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் தேவலை என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

ஆடியில் சமயபுரம் போய்ப் புதுக் கயிறு கட்டினோம். பூசாரியிடம் நடந்ததைச் சொல்லி, அறுத்தது தோஷமா, பரிகாரம் ஏதும் உண்டா என்று பயந்துகொண்டே கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “புள்ள எங்க?” என்றார். காட்டினேன். விபூதியை எடுத்து அவன் நெற்றியில் பூசி, “போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

தூண்டிலை நான் விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய்யாகிவிடும். ஒரு வருஷம் தொடவில்லை. அப்புறம் தொட்டேன். ஆனால் ஆற்றுக்குள் இறங்கியதில்லை. கரைப் படியோடு சரி. பையன் என் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பான். அவன் ஆடுவான், தக்கையும் ஆடும், மீன் ஓடிப்போகும். வெறுங்கையோடு வருகிற நாளே அதிகம். அவனுக்குப் பிறகு பெண்ணும் அப்படியே என் முழங்காலுக்கு நடுவில் உட்கார்ந்து வளர்ந்தாள். தக்கை உள்ளே போனாலும் முதலில் குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் கழியைப் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டேன்.

இன்று அவனுக்கே மீசை முளைத்துவிட்டது. இடுப்பில் அந்த வெட்டுத் தழும்பு மெல்லிய கோடாக இன்னும் இருக்கிறது. நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை, சொன்னால் சிரிக்கிறான். எனக்கு அந்தத் தண்ணீரைவிட, அந்தச் சங்கிலியைவிட, இரண்டு மூச்சு விடுகிற நேரம் நான் அரிவாளும் கையுமாக நின்றதுதான் தூக்கத்தில் வருகிறது. சாமியை நம்புகிறவன் நான், இப்போதும் நம்புகிறேன். முன்பெல்லாம் அம்மன் சந்நிதியில் அது வேண்டும், இது வேண்டும் என்று பட்டியல் போடுவேன். இப்போது போய் நின்றால் ஒன்றுதான் கேட்கிறேன்: தாயே, யாருடைய உயிராவது மறுபடி என் கையில் நிற்குமானால், என் வாய் பேசுவதற்கு முன்னால் என் கை போய்விட வேண்டும்.